வீட்டுப் பக்கம் மட்டம்

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்த வெள்ளை வேன் பசுவந்தனை ரோட்டிலிருந்து இறங்கி, ஜேசுதாசன் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டித் தரிசாகக் கிடந்த துண்டு நிலத்தில் வந்து நின்றது. ஜெபிஷா அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்று, பார்க்காதவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் என்றால் ஆள் ஏற்றுகிற வேன் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அதைச் சுற்றுலா போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் ஜோஸ்வினுக்குத் தொழில். ஆனால் முதலில் அதைக் கட்டியது அவனுடைய அம்மா பொன்மணிக்காக. அந்த அம்மாவுக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. படுக்கிற இடம் ஒரு விரல் சாய்ந்திருந்தால் போதும், தலை சுற்ற ஆரம்பித்துவிடும். பயணம் செய்த அலுப்போடு உட்கார்ந்து பேசவும் முடியாது. ஒரு ராத்திரி சமதரையில் அசையாமல் படுத்து எழுந்தால்தான் ஆள் தெளிவார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசி முடிக்கப்போகிற சம்பந்தத்துக்குச் சனிக்கிழமையே வந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து தங்கலாம்தான். ஆனால் பேசி முடிக்கும் முன்னால் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர் வாங்கலாம், காபி வேண்டுமானால் குடிக்கலாம், இலை மட்டும் போடக் கூடாது. அதனால் வேனிலேயே தோசை சுட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

"தம்பி, அங்கன வேண்டாம். முந்தாநாள்தான் மழை பேஞ்சிருக்கு. கரிசலு மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள களியா கிடக்கும்," என்றார் ஜேசுதாசன்.

"பலகை இருக்கு அங்கிள். நான் பாத்துக்கிடுதேன்."

ஜோஸ்வின் இறங்கினான். விரல் நீளத்தில் மஞ்சளாக எதையோ எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினான், இறங்கினான், குனிந்து பார்த்தான், மறுபடியும் ஏறினான். நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் ஐந்து நிமிடத்தில் முழங்கால் வரை கரிசலாகிவிட்டான். நிமிர்ந்தபோது நேராக அடுக்களை ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். ஜெபிஷா கையில் இருந்த வெங்காயத்தை மும்முரமாக உரித்தாள்.

இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எட்டயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு அம்மாமார்களும் பார்த்துப் பேசி, நம்பர் கைமாறியது. கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெபிஷா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனோடு பேசுவாள். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற பெரிய மீசைக்காரர்களைப் பற்றி அவள் சொல்வாள். வேனில் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடிகளைப் பற்றி அவன் சொல்வான். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்து பதினெட்டு நாளாகிறது. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நாலரைக்கு மேற்கே மேகம் கூடியது. காயப்போட்ட துணியை எடுக்க ஜெபிஷா மொட்டைமாடிக்குப் போனாள். தெற்குக் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே வேன். அதன் மேல்ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் கேட்டது.

"என்னலே, எப்படித்தான் இருக்கு? சொல்லித் தொலை," இது பொன்மணி.

"பொண்ணு வீட்டுப் பக்கம் மட்டம்மா. நம்ம பக்கந்தான் ஒசத்தி."

"அப்ப ஒத்து வராதே."

"வெளிய இருந்து பாத்தப்ப எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. வந்து நின்ன பொறவுல்லா தெரியுது."

"எனக்கு இப்பவே தலை சுத்துதுலே."

"ஒரு ராத்திரிதானம்மா. கொஞ்சம் ஏத்திவிட்டா நம்ம அளவுக்கு வந்துரும்."

ஜெபிஷா ஒரு தலையணை உறையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

மட்டம். அந்த வார்த்தை இந்த வீட்டுக்குப் புதிது இல்லை. போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. பத்து நாள் கழித்துத் தரகர் வேல்சாமி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "பிள்ளையப் பிடிச்சிருக்காம் அண்ணாச்சி. வீடுதான் கொஞ்சம் மட்டமா இருக்குன்னு நினைக்காவ," என்றார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். அந்தப் பங்குனியில் உளுந்து விற்றதும் முன்னறைக்கு டைல்ஸ் போட்டார். என்ன காரணம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அந்த டைல்ஸையும் மிதிக்காமலேயே இவர்களுக்குத் தெரிந்துவிட்டதா? வீட்டுக்குள் இன்னும் காலே வைக்கவில்லையே. ஒசத்தியாம், மட்டமாம், ஏத்திவிட்டால் சரியாகிவிடுமாம். யாரை ஏற்றிவிடுவது, எதைக் கொண்டு? ஆனால் அந்தக் குரலில் ஏளனம் இல்லை. கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளுக்குப் புரியவில்லை. சாதாரணமாகச் சொல்கிறான் என்றால் அவர்கள் வீட்டில் இது வழக்கமான பேச்சா?

கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் வெளியே வந்து பலகையை வீட்டுப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்து, கரிசல் படிந்த கையை ஆட்டினான். அவளும் தலையணை உறையை ஆட்டிவிட்டாள். ஏன் ஆட்டினோம் என்று கீழே இறங்கி வருகிற வரைக்கும் யோசித்தாள்.

ஆறரை மணிக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்து, "எல்லாம் எப்படி இருக்கு?" என்று அனுப்பினாள். இதற்கு மேல் நேராகக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

உடனே பதில் வந்தது.

"இப்ப சூப்பர் மட்டம்." பக்கத்தில் இரண்டு சிரிக்கிற மூஞ்சி. அடுத்து ஒன்று: "அம்மா இப்பதான் சிரிக்காவ."

ஜெபிஷா அதைப் பத்துத் தடவை வாசித்தாள். வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன், பெண்ணிடமே, உங்கள் வீடு சூப்பர் மட்டம் என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறான். அதைக் கேட்டு அவனுடைய அம்மாவும் சிரிக்கிறார். பகடியா? பகடி என்றால் அதற்கு ஒரு அளவு வேண்டாமா? பதில் எழுத எடுத்தாள், அழித்தாள். கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படத்தை அனுப்பிவிட்டு, அதற்கும் சேர்த்துத் தன்மேல் கோபப்பட்டாள்.

ஆனால் ஏழு மணிக்கு அம்மா எஸ்தர்ராணி, "ஏட்டி, அவியளுக்குத் தண்ணி இருக்கான்னு தெரியலயே," என்றபோது, குடிதண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போய் வேன் படியில் வைத்துவிட்டு வந்ததும் அவள்தான்.

விடிந்தபோது வேன் சாய்ந்து நின்றது. மழை ராத்திரி பெய்யவில்லை. ஆனாலும் வீட்டுக்கு மறுபக்கம், வயல் பக்கத்துச் சக்கரம் இரண்டும் கரிசலுக்குள் அரை அடி இறங்கியிருந்தன. பொன்மணி வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தட்டு. அதில் ஒரு தோசை ஒரு பக்கம் அப்பளம் மாதிரியும் மறுபக்கம் ஊத்தப்பம் மாதிரியும் கிடந்தது.

ஜெபிஷா அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, இது வேண்டாம்னு சொல்லிருங்க."

எஸ்தர்ராணி இட்லிக் கொப்பரை மூடியைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். "எது வேண்டாம்? சாம்பாரா?"

"இந்தச் சம்பந்தம்."

"ஏட்டி, பேசி முடிக்க பாஸ்டர் பன்னெண்டு மணிக்கு வாராவ. நேத்து வர நல்லாத்தான இருந்த. நேத்து மாடியில நின்னு கை ஆட்டுனத நானே பாத்தேன்."

"அது கை இல்ல. தலையணை உறை."

"என்ன கழுதையா இருந்தா என்ன, ஆட்டுனேல்லா?"

அதற்குள் ஜேசுதாசன் வாசலுக்கு வந்துவிட்டார். "காரணத்தச் சொல்லு பிள்ள," என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஜெபிஷா சொன்னாள். மாடியில் கேட்டதை வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அப்பாவின் பார்வை முன்னறைத் தரைக்குப் போய் அங்கேயே நின்றது. போனில் வந்ததை அவள் காட்டவில்லை. 'சூப்பர்' என்கிற வார்த்தையை அப்பா தாங்கமாட்டார்.

"சரி," என்றார் அவர். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானை ஒன்றுவிடாமல் மாட்டினார். "மரியாதையாச் சொல்லி அனுப்பிட்டு வாரேன். கோயில் மணி அடிக்கறதுக்குள்ள கிளம்பட்டும்."

ஜெபிஷா அடுக்களை வாசல் வரை வந்தாள். அவள் கேட்டதுதான் நடக்கிறது. அப்படியென்றால் ஏன் அப்பாவைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருக்கிறது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அவள் செருப்புப் போடாமல் அப்பாவுக்குப் பின்னால் போனாள். இட்லி வேகிறதை விட்டுவிட்டு எஸ்தர்ராணியும் வந்தாள்.

வேனுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ஜோஸ்வினுடையது. மற்றது பக்கத்து வீட்டுக் கொத்தனார் மாடக்கண்ணுவுடையது. இந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். வேன் சாய்ந்து நிற்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே இரண்டு சென்ட்ரிங் பலகையோடு வந்துவிட்டார்.

ஜேசுதாசன் அந்தக் கால்களைப் பார்த்து நின்றார். முகம் தெரியாத ஆளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தடுமாற்றம். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒரு வார்த்த. எங்க வீடு மட்டந்தான். இல்லன்னு நாங்க சொல்லல."

"ஆமா அங்கிள்," என்றது வேனுக்கு அடியிலிருந்து வந்த குரல், உற்சாகமாக. "நல்ல மட்டம்."

ஜேசுதாசனின் கழுத்து நரம்பு எழும்பியது. "நல்ல மட்டமா."

"நேத்து வந்ததுமே அம்மாட்ட சொல்லிட்டேன். இந்த மாதிரி மட்டத்த நான் எங்கயும் பாக்கல."

எஸ்தர்ராணி வாயில் முந்தானையை வைத்தாள். அப்போது மற்ற ஜோடிக் கால்கள் அசைந்தன. மாடக்கண்ணு ஊர்ந்து வெளியே வந்து, முகமெல்லாம் கரிசலும் பெருமையுமாக எழுந்து உட்கார்ந்தார்.

"பொறவு? மட்டம் இல்லாம இருக்குமா? யாரு கட்டுனது? அஸ்திவாரத்துல இருந்து ரசமட்டம் வச்சுக் கட்டுன வீடு அண்ணாச்சி. இந்தச் சுவரு ஓரம் சரள் போட்டதும் நாந்தான். ஒரு நூல் பிசகி இருந்தாச் சொல்லுங்க, தொழில விட்டுருதேன்."

ஜேசுதாசன் அவரைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். "எது மட்டம்?" என்றார்.

ஜோஸ்வினும் வெளியே வந்தான். கையில் அந்த மஞ்சள் குச்சி, கொத்தனார் சொன்ன ரசமட்டத்தின் குட்டி. நடுவே ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. "ஒங்க வீட்டுப் பக்கச் சக்கரம் அங்கிள். சரள் மேல நிக்குதுல்லா, முன்னும் பின்னும் அப்படியே மட்டம். எங்க பக்கந்தான், அந்த வயல் பக்கம், மண்ணு கெட்டிச்சுப்போய் நேத்து ரெண்டு விரக்கடை ஒசத்தியா நின்னுச்சு. அதுக்காக ஒங்க பக்கத்துல பலகை குடுத்து ஏத்துனேன். ராத்திரியில கரிசலு எங்க பக்கத்த உள்ள இழுத்துட்டு. இப்ப அந்தப் பலகையே வினையாப் போச்சு."

"அப்ப வீடு?"

"எந்த வீடு அங்கிள்?"

எஸ்தர்ராணி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பொன்மணி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இவிய முகமெல்லாம் என்னத்துக்கு இப்படி இருக்கு? எனக்குத் தலை சுத்துததனாலதான் இப்படித் தெரியுதா?" என்று கேட்டார்.

ஜெபிஷா அந்தக் குமிழியையே பார்த்தாள். அது குழாயின் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் வாயில் கேட்டு வளர்ந்த வார்த்தைதான். வீடு கட்டுகிற காலத்தில், மட்டம் பாரு, மட்டம் பாரு என்று மாடக்கண்ணு கத்திக்கொண்டிருந்ததை எட்டு வயதில் இதே இடத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அது எப்படி நேற்று நினைவுக்கு வராமல் போனது? தரகர் சொன்ன மட்டம் மட்டும் எப்படி அவ்வளவு தயாராகக் காத்துக்கொண்டு நின்றது?

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. மீதிப் பாதியை அவள்தான் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே அங்கிள்," என்றான் ஜோஸ்வின்.

ஜேசுதாசன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "கோயிலுக்கு நேரமாச்சேன்னு சொல்ல வந்தேன்," என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "மாடக்கண்ணு, அந்தப் பலகைய இங்கன குடு."

வீட்டுப் பக்கத்துப் பலகையை உருவினார்கள். வயல் பக்கம் மண்ணைத் தோண்டி, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சென்ட்ரிங் பலகையை அகலமாகப் போட்டு அதன்மேல் சக்கரத்தை இறக்க வேண்டும். உள்ளே ஒருவர் நின்று குமிழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொன்மணியால் ஏற முடியாது.

"நான் பாக்கேன்," என்றாள் ஜெபிஷா.

எஸ்தர்ராணி அவள் கையைப் பிடித்தாள். பேசி முடிக்கும் முன்னால் பெண் போய் மாப்பிள்ளையின் வேனில் ஏறலாமா? இது வண்டியா, வீடா? வீடு என்றால் கூடாது. வண்டி என்றால் பரவாயில்லை. எஸ்தர்ராணி யோசித்து முடிப்பதற்குள் ஜெபிஷா ஏறிவிட்டாள்.

உள்ளே நிற்கவே ஒரு மாதிரியாக இருந்தது. கால் ஒரு பக்கம் கூப்பிட்டது, கண் ஒரு பக்கம் கூப்பிட்டது. கட்டில் ஓரத்தில் தலையணையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அம்மா உருண்டு விழாமல் இருக்க அவன் வைத்ததாக இருக்கும். அடுப்பு மேடையில் நேற்று அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர் கேன். அவள் மஞ்சள் குச்சியைத் தரையில் வைத்து, பக்கத்தில் மண்டியிட்டாள்.

"என்ன சொல்லுது?" வெளியிலிருந்து அவன் குரல்.

"வயல் பக்கம் இன்னும் ஏத்துங்க."

வேன் ஒரு பெருமூச்சு விட்டு அசைந்தது. குமிழி மூலையை விட்டு நகர்ந்து, கோட்டைத் தாண்டி, மறுபக்கம் ஓடியது.

"கூடிட்டு. எறக்குங்க."

"யாரு பக்கம் கூடிட்டு?" இது அப்பா.

"அவிய பக்கம்."

"எறக்கு, எறக்கு," என்றார் மாடக்கண்ணு.

ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் குமிழி அவளை ஏமாற்றிவிட்டுப் போனது. மூச்சுவிட்டாலும் நகர்கிற மாதிரி இருந்தது. அவளே நகர்ந்தால் வேன் சாய்கிறதா என்று சந்தேகம் வந்து, சுவர் ஓரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். கடைசியில் அது இரண்டு கறுப்புக் கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. நிற்கிறதா, நிற்கிற மாதிரி நடிக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன ஆச்சு?" அப்பா வெளியிலிருந்து கேட்டார். குரல் கொஞ்சம் தணிந்தது. "எப்படி இருக்கு? சொல்லு. நீ சொல்லுததுதான்."

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் மட்டம்ப்பா," என்றாள். "இப்படியே இருக்கட்டும்."

பொன்மணியைத் தாங்கி உள்ளே ஏற்றினார்கள். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மெதுவாகத் திறந்து, கூரையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கடைசியில் ஜெபிஷாவைப் பார்த்தார். "நிக்குது," என்றார். பிறகு வேறு ஒரு ஞாபகம் வந்தவராக, "எஸ்தரு மைனி, அங்க இட்லி வாசம் வருதே. காலைல இருந்து வயித்துல ஒண்ணுமில்ல. இவன் சுட்ட தோசைய நாய் கூட மோந்து பாத்துட்டுப் போயிட்டு."

எஸ்தர்ராணி விழித்தாள். "தாரேன் மைனி, தாரதுக்கென்ன. ஆனா இன்னும் பேசி முடிக்கலயே. பாஸ்டர் வரணும்."

"வரட்டும். அவரும் திங்கட்டும்."

தட்டு வந்தது. நான்கு இட்லி. எஸ்தர்ராணி சாம்பார்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேன் படியில் நின்ற மகள் காதோரம் குனிந்தாள். "ஏட்டி, எனக்கு ஒண்ணும் புரியல. காலைல வேண்டாம்ன. இப்ப இவிய கை நனைக்கப் போறாவ. நனைச்சுட்டா நனைச்சதுதான். ஊத்தவா, வேண்டாமா?"

ஜெபிஷா பாத்திரத்தை வாங்கி, தானே சாம்பாரை ஊற்றினாள்.

பொன்மணி முதல் வாயை எடுத்துச் சாப்பிட்டார். ஜேசுதாசன் வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். கரிசல் முகம் முழுக்கப் பரவியது.

கோயில் முதல் மணி அடித்தபோது ஜோஸ்வின் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஜெபிஷா போனை அவன் முன்னால் நீட்டினாள். நேற்று அவன் அனுப்பியது. அவன் வாசித்தான். தலையைச் சாய்த்து மறுபடியும் வாசித்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது. மாடி, மேல்ஜன்னல், அங்கிளின் வெள்ளைச் சட்டை.

"அப்ப மாமா காலைல சொல்ல வந்தது…"

"கோயிலுக்கு இல்ல."

"ராத்திரி பூரா என்னய அப்படி நினைச்சியா?"

"ஆமா."

"அப்படி நினைச்சுக்கிட்டு, எதுக்குத் தண்ணி கேன் கொண்டாந்து வச்ச?"

ஜெபிஷா யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியல," என்றாள்.

அவன் ஈரக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் தன் துப்பட்டாவின் நுனியை நீட்டினாள். அதற்குள் எஸ்தர்ராணி அடுக்களையிலிருந்து, இட்லி இன்னும் எத்தனை பேருக்கு ஊற்ற வேண்டும் என்று கேட்டாள்.